உரத்த குரலுக்கு எத்தனை வினைகள்?

உரத்த குரலைக் குறிக்க ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் பல உள்ளன. ‘ஷவுட்’, ‘யெல்’, ‘ஸ்கிரீம்’, ‘ஷ்ரீக்’, ‘பெல்லோ’, ‘ரோர்’, ‘ஹவுல்’ என அப்பட்டியல் நீளும். இவற்றுக்குத் தமிழில் என்ன என்று சிங்கப்பூர் மாணவர் ஒருவரைக் கேட்டால், பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும்: ‘கத்து’. 1987 முதல் நம் பள்ளிகள் யாவும் ஆங்கிலத்தையே முதன்மைப் பயிற்றுமொழியாகக் கொண்டுள்ளன; தமிழ் ஒரு பாடமாகப் பயிலப்படுகிறது. ஆதலால் ஆங்கிலச் சொல்லை முன்வைத்து அதற்கு நிகராக ஒரு தமிழ்ச் சொல்லை நினைவில் இருத்திக்கொள்வது மாணவர்க்கு இயல்பாகிவிட்டது. அவ்வழியில் நாம் இழப்பது என்ன என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் ஆங்கிலத்தை நோக்குவோம். அம்மொழியின் வினைகள் பெரிதும் குரலின் தன்மையால் வேறுபடுகின்றன. ‘ஷ்ரீக்’ என்பது கூர்மையான உச்சக் குரல்; ‘பெல்லோ’ என்பது அடித்தொண்டையிலிருந்து எழும் கனத்த குரல். அஞ்சியவரும் ‘ஸ்கிரீம்’ செய்வார்; விளையாட்டரங்கில் மகிழ்ந்தவரும் ‘ஸ்கிரீம்’ செய்வார். ஆர்னால்ட் சுவிக்கி என்னும் மொழியியலாளர் 1971இல் இத்தகைய வினைகளைப் பேசும் பாங்கு பற்றிய வினைகள் என ஆராய்ந்தார். 1993இல் பெத் லெவின், தம் ஆங்கில வினை வகைப்பாட்டு நூலில் அவற்றுக்குத் தனி வகுப்பே அமைத்தார். ‘பாங்கு’ என்னும் சொல் இங்குக் குறிப்பிடத்தக்கது. குரல் எவ்வாறு ஒலித்தது என்பதே அங்கு அளவுகோல். யாரை நோக்கி, எதற்காக என்பவற்றைச் சூழலும் உடன்வரும் சிறு சொற்களும் காட்டுகின்றன. ‘ஷவுட் டு’ என்றால் தொலைவில் இருப்பவருக்குக் கேட்கும்படி கூவுதல். ‘ஷவுட் அட்’ என்றால் சினந்து கத்துதல்.

தமிழ் இவ்வேறுபாட்டை வினைக்குள்ளேயே வைத்திருக்கிறது. அழைப்பதற்குக் கூவுகிறோம், அடக்குவதற்கு அதட்டுகிறோம், அச்சத்தாலோ வலியாலோ அலறுகிறோம், துயரம் தாங்காமல் கதறுகிறோம், காப்பாற்ற வேண்டி ஓலமிடுகிறோம், வெற்றிக் களிப்பில் ஆர்ப்பரிக்கிறோம். குரலின் உயரத்தைக் காட்டிலும் அதன் காரணமே இங்கு முதன்மை பெறுகிறது.

இதற்கு இலக்கணச் சான்றும் உண்டு. ‘மகனை அதட்டினார்’, ‘மகனைக் கூப்பிட்டார்’ என்பவற்றில் இரண்டாம் வேற்றுமை வருகிறது. அக்குரல் ஒருவர்மீது சென்று படிகிறது. ‘பாம்பை அலறினார்’ என்று எவரும் சொல்லார். ‘பாம்பைக் கண்டு அலறினார்’ என்றே சொல்வர். அலறலுக்குக் காரணம் உண்டு, ஆனால் செயப்படுபொருள் இல்லை. ‘கத்து’ என்பதோ ‘மகனிடம் கத்தினார்’, ‘வலியால் கத்தினார்’ என இருபுறமும் பொருந்துகிறது. எங்கும் பொருந்துவதால்தான் அது பிற சொற்களின் இடத்தை எளிதில் கவர்ந்துகொள்கிறது.

ஒலிச்சொற்களைத் தொகுத்து எண்ணும் வழக்கம் நமக்குப் புதிதன்று. தொல்காப்பிய உரியியல் கம்பலை, சும்மை, கலி, அழுங்கல் ஆகிய நான்கையும் அரவம் என்னும் பொருளின் கீழ் வைக்கிறது. திவாகர நிகண்டின் பன்னிரண்டு தொகுதிகளில் பத்தாவது முழுவதும் ஒலி பற்றியது. பீட்டர் மார்க் ரோஜெட் தம் புகழ்பெற்ற ஆங்கிலச் சொற்களஞ்சியத்தை வெளியிட்டது 1852இல். நிகண்டு மரபு அதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. எனினும் நிகண்டும் சரி, களஞ்சியமும் சரி, சொற்களை அருகருகே நிறுத்துமேயன்றி, எந்த இடத்தில் எது பொருந்தும் என்பதைக் கற்பிப்பதில்லை. அதனை வழக்கே கற்பிக்கும்.

அவ்வழக்கைக் கேட்க நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலைத் தெண்டாயுதபாணி கோயில் வரை காவடிகள் செல்கின்றன. வழிநெடுக ‘வேல் வேல்’ என்று அடியார்கள் முழங்குகின்றனர். அதனை ‘அடியார்கள் கத்தினர்’ என்று எழுதினால் ஒலியளவு பிழைபடாது, பொருள் பிழைபடும். முழக்கம் என்பது பலர் ஒரே உணர்வோடு எழுப்பும் குரல். அம்மன் வழிபாட்டில் பெண்கள் நாவை அசைத்து எழுப்பும் குலவையும் அத்தகையதே. அது மங்கல ஒலி. அதனை ‘ஹவுல்’ என்று ஆங்கிலத்தில் பெயர்த்தால் வழிபாடு ஊளையாகிவிடும்.

பொருட்பிழை நகைப்போடு முடியாத இடங்களும் உள. நம் நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் பணியாற்றுகின்றனர். ‘அவர் அலறினார்’ என்று ஒரு சாட்சி கூறுவதாகக் கொள்வோம். அலறியவர் அஞ்சியவர் அல்லது வலியுற்றவர். அது ‘ஷவுட்’ என்று பெயர்க்கப்பட்டால், தாக்கப்பட்டவரே சண்டையிட்டவராகத் தோன்றக்கூடும். ‘கதறினார்’ என்பதை ‘கிரை’ என்று பெயர்த்தால் அமைதியாகக் கண்ணீர் விட்டதாகவும் கொள்ளப்படலாம். மருத்துவமனையில் முதியவர் ஒருவரின் நிலையைப் பேரப்பிள்ளை எடுத்துரைக்கும்போதும், ‘இரவெல்லாம் கத்தினார்’ என்பதற்கும் ‘இரவெல்லாம் அரற்றினார்’ என்பதற்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. முன்னது தொல்லையாகவும் கேட்கும். பின்னது துன்பம் ஒன்றையே சொல்லும்.

இவ்வெல்லைகள் முற்றும் இறுகியவை அல்ல. ஆங்கிலத்திலும் ‘வேய்ல்’ என்னும் வினை துயரத்தை உணர்த்துகிறது. தமிழிலும் ‘ஆந்தை அலறும்’ என்னும் மரபுத்தொடரில் அச்சம் ஆந்தைக்கு இல்லை, கேட்பவருக்கே உண்டு. பேச்சு வழக்கில் ‘அப்பா சத்தம் போட்டார்’ என்றால் கடிந்துகொண்டார் என்றே பொருள். ஆகவே பட்டியலை மனனம் செய்வதால் மட்டும் இச்சொற்கள் வசப்பட மாட்டா. ‘ஆடு கத்தும், பசு கதறும்’ என்று ஒலிமரபை ஒப்பிக்கும் மாணவர், அதே வினைகளை மனிதர்க்குப் பயன்படுத்தத் தயங்குவதை நாம் காண்கிறோம்.

ஆசிரியர்களும் பெற்றோரும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பிள்ளை ‘கத்தினான்’ என்று எழுதும்போதோ சொல்லும்போதோ அதனைப் பிழையென்று அடிக்க வேண்டா. மூன்று வினாக்களை மட்டும் கேட்கலாம்: ஏன் குரல் எழுந்தது? யாரை நோக்கி எழுந்தது? ஒருவர் குரலா, பலர் குரலா? இவற்றுக்கு விடை சொல்லும் பிள்ளை, கதையில் வருபவரின் மனநிலையைக் கண்டுகொள்ளும். அதன்பின் அதட்டினானா, அலறினானா, முழங்கினார்களா என்பது தானே விளங்கும்.