ஓரங்குலத்தின் பயன்

நெம்புகோலின் விதியைப் பல்லாண்டுகள் வகுப்பில் கற்பித்தவன் நான். அதன் நீண்ட கை குறுங்கையைப் போலப் பத்து மடங்காயின், ஒரு மணங்கு அழுத்தம் பத்து மணங்குச் சுமையை எழுப்பும். ஆயினும் நீண்ட கை பத்து அங்குலம் தாழ்ந்தால் கல் ஓரங்குலமே உயரும். “ஓரங்குலத்தால் என்ன பயன், ஐயா?” என்று மாணவன் ஒருவன் வினவியபோது நான் தக்க விடை கூறவில்லை.

அவ்விடை பசிபிக் கடலிலுள்ள ஈஸ்டர் தீவில் இருந்தது. ஆங்கு அனகேனாக் கரையில் சுமார் 25 டன் எடையுள்ள கற்சிலையொன்று குப்புற வீழ்ந்து கிடந்தது. 1955-56இல் நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர் தோர் ஹெயர்தால் அங்குச் சென்றிருந்தபொழுது, தீவின் மேயர் பெட்ரோ அட்டானும் துணைவர் 11 பேரும் அதனை 18 நாட்களில் நிமிர்த்திக் காட்டினர். கழிகளால் சிலையைச் சிறிதே நெம்புவர். உண்டான இடுக்கில் உடனே சிறு கற்களைச் செருகுவர். கல் மீண்டும் தாழ இடமில்லை. கற்குவியல் வளர வளரச் சிலையும் எழுந்தது. இறுதியில், சரிந்துவிடாதபடி கயிறுகளால் பிணித்து நிலைநிறுத்தினர்.

பெற்ற அங்குலத்தை இழவாமையே அவர்தம் சூத்திரம். அதனை அட்டான் நூலில் கற்றாரல்லர். இளமையில் முதியோர் வாய்மொழியாகப் பெற்றார். கேட்பாரில்லையேல் அவருடனே அது மறைந்திருக்கும். அன்று வினவிய மாணவனுக்கு, காலந்தாழ்த்தேனும், இதுவே என் விடை.