மொழி தெரிந்தவருக்கு மூடிய கதவு

அன்னூர்ப் பக்கத்தைச் சேர்ந்த தங்கை ஒருவர் சில மாதங்களுக்கு முன் எங்களிடம் வந்தார். அவருடைய அண்ணன் மகனுக்கு நான்கு வயதாகியும் பேச்சு திருந்தவில்லை. வாரம் இரண்டு நாள் பஸ் ஏறி, பேச்சுப் பயிற்சிக்குக் கோவைக்கு அழைத்துப் போகிறார். வீட்டில் பேசுவது தெலுங்கு. பயிற்சி அறையில் பேசுவது பாடப்புத்தகத் தமிழ். "பையன் சொல்றது அவிங்களுக்குப் புரியலைங்க, எனக்குப் புரியுது. நான் பி.ஏ. தமிழ் முடிச்சிருக்கேன். அந்தப் படிப்பை நானே படிக்க முடியுமுங்களா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. விதிகளைத் தேடிப் படித்த பிறகு கிடைத்த பதில் நியாயமானதாக இல்லை.

ஸ்பீச் தெரபிஸ்ட் என்று நாம் சொல்லும் பேச்சு மொழிச் சிகிச்சையாளர், நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டத்தின் கீழ் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவில்லாமல் தொழில் செய்தால் தண்டனை உண்டு. முதுநிலைப் படிப்பில் சேர வேண்டுமானால், பி.ஏ.எஸ்.எல்.பி. எனப்படும் பேச்சு, செவித்திறன் இளநிலைப் பட்டம் கையில் இருக்க வேண்டும். அது நான்கு ஆண்டுப் படிப்பு. அதில் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி. அதில் சேர பிளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும் படித்திருக்க வேண்டும். கூடவே உயிரியலோ கணிதமோ வேண்டும். இந்த மூன்றாவது பாடம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

ஆக, தமிழில் முதுகலை முடித்திருந்தாலும், மொழியியலில் முனைவர் பட்டமே வாங்கியிருந்தாலும், பதினோராம் வகுப்பில் எந்த குரூப் எடுத்தீர்கள் என்பதுதான் கேள்வி. அறிவியல் குரூப் எடுத்திருந்தால் முதலிலிருந்து நான்கு ஆண்டு படிக்கலாம். கலைப்பிரிவு என்றால் அந்த வாசலே இல்லை. பதினைந்து வயதில், ஊரில் இருக்கும் பள்ளியில் என்ன குரூப் இருந்ததோ அதில் சேர்ந்த பிள்ளையின் வாழ்க்கை அன்றைக்கே முடிவாகிவிடுகிறது.

உதவித்தொகையின் பூட்டு

சரி, அறிவியல் குரூப் படித்துவிட்டு, ஏதோ காரணத்தால் வேறு பட்டம் வாங்கியவரின் நிலை என்ன? இங்கேதான் இரண்டாவது பூட்டு இருக்கிறது.

நம் பிள்ளைகள் கல்லூரிப் படி ஏறுவது போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை நம்பித்தான். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே விதிகளில் இன்னொரு வரி இருப்பது பலருக்குத் தெரியாது. ஒரு நிலைப் படிப்பை முடித்தவர் அதே நிலையில் வேறு பாடம் படித்தால் உதவித்தொகை கிடையாது. பி.ஏ. முடித்தவர் பி.காம். படித்தால் கிடைக்காது. பி.ஏ. தமிழ் முடித்தவர் பி.ஏ.எஸ்.எல்.பி. சேர்ந்தாலும் இதே விதிதான் குறுக்கே நிற்கும்.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளை இருபத்திரண்டு வயதில் மனதை மாற்றிக்கொண்டு இரண்டாம் பட்டம் படிக்கலாம். கூலி வேலைக்குப் போகும் வீட்டின் பிள்ளை மட்டும் முதல் முறையே சரியாகத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். இப்படி ஒரு படிப்பு இருக்கிறது என்றே அந்த வீட்டுக்கு யாரும் சொல்லாதபோது, எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

யாருடைய பேச்சு சரியான பேச்சு?

இதைத் தனிப்பட்ட ஒருவரின் வேலைவாய்ப்புப் பிரச்சினையாக மட்டும் பார்க்க முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் செவித்திறன் குறைபாடு உடையோர் 50 லட்சம் பேர். பேச்சுக் குறைபாடு உடையோர் ஏறத்தாழ 20 லட்சம் பேர். இவர்களுக்கு முன்னால் உட்காரும் சிகிச்சையாளர் எந்த மொழி பேசுகிறார் என்பது சிகிச்சையையே பாதிக்கும்.

கொங்கு மண்ணில் அருந்ததியர் வளவுகளில் வீட்டு மொழி தெலுங்காக இருப்பதை நாம் அறிவோம். கன்னடம் பேசும் குடும்பங்களும் உண்டு. அங்கிருந்து அங்கன்வாடிக்குப் போகும் குழந்தை முதல் நாள் மௌனமாக இருந்தால், அது குறைபாடா, மொழி மாற்றமா? துறையின் அடிப்படைப் பாடமே இதற்கு விடை சொல்கிறது. வீட்டு மொழியிலும் குழந்தை தடுமாறினால் அது குறைபாடாக இருக்கலாம். பள்ளி மொழியில் மட்டும் தடுமாறினால் அது பழக்கமின்மை. ஆனால் வீட்டு மொழியில் சோதிக்க, அந்த மொழி தெரிந்த ஆள் வேண்டுமே! ஆள் இல்லாத இடத்தில் இரண்டு தவறுகளும் நடக்கும். நன்றாக இருக்கும் குழந்தைக்கு முத்திரை குத்தப்படும். உண்மையில் காது கேளாத குழந்தை, "அவங்க வீட்டுப் பேச்சே அப்படித்தான்" என்று விடப்படும்.

இதே வழக்கை அமெரிக்கக் கறுப்பின மக்கள் நீதிமன்றத்துக்கே கொண்டு போனார்கள். மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில், மார்ட்டின் லூதர் கிங் தொடக்கப்பள்ளியில் படித்த ஏழைக் கறுப்பினக் குழந்தைகள் கற்றல் குறைபாடு உடையவர்களாக நடத்தப்பட்டார்கள். 1979-இல் நீதிபதி சார்லஸ் ஜாய்னர், குழந்தைகளின் வீட்டு மொழியைக் கணக்கில் கொள்ளத் தவறியது பள்ளி நிர்வாகத்தின் குறை என்று தீர்ப்பளித்தார். 1983-இல் அந்நாட்டின் பேச்சு மொழிச் சிகிச்சையாளர் சங்கம், எந்தச் சமூக வழக்கும் பேச்சுக் குறைபாடு ஆகாது என்று தன் நிலைப்பாட்டை வெளியிட்டது.

தமிழ் படித்தவர் வெறுங்கையோடு வரவில்லை

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் பிறப்பியலை வகுப்பில் படித்தவர்கள் நாம். காற்று எங்கிருந்து எழுகிறது, மிடறு, நா, பல், இதழ், அண்ணம், மூக்கு எப்படிச் சேர்ந்து ஒலியை உருவாக்குகின்றன என்பதுதான் அந்த இயல். ஒலியியல், கிளைமொழி ஆய்வு, இலக்கணம் எல்லாம் இந்தச் சிகிச்சைத் துறையின் தூண்கள். நம் பாரதியார் பல்கலைக்கழகத்திலேயே மொழியியல் துறை இருக்கிறது.

அவர்களிடம் இல்லாதவையும் உண்டு. உடற்கூறியல், நரம்பியல், செவியின் செயல்பாடு, உளவியல், புள்ளியியல், நோயாளிகளோடு செலவிட்ட மணி நேரங்கள். இவற்றைக் குறைத்துவிடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. நம் குழந்தைக்கு அரைகுறைச் சிகிச்சையாளர் வேண்டாம். இல்லாததைக் கற்றுக்கொள்ள ஒரு பாலம் கேட்கிறோம். அமெரிக்காவில் வேறு பட்டம் பெற்றவர்கள் அடிப்படைப் பாடங்களை மட்டும் தனியாகப் படித்து முடித்து முதுநிலைக்குப் போகிறார்கள். பிரிட்டனில் வேறு துறைப் பட்டதாரிகளுக்கென்றே இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பு நடக்கிறது. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

இப்போது என்ன செய்யலாம்?

பத்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், இந்தப் படிப்பைப் பற்றி இன்றே சொல்லுங்கள். தமிழக அரசின் துணைமருத்துவப் படிப்புகளுக்கான சேர்க்கைப் பட்டியலில் பி.ஏ.எஸ்.எல்.பி. இருக்கிறது. மாநில ஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு. அதற்குள் அருந்ததியருக்கு 2009 முதல் 3 விழுக்காடு. உள் ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 1 அன்று உறுதி செய்துவிட்டது. சத்தியமங்கலம், திம்பம் வழியே பஸ் ஏறினால் போய்விடக்கூடிய மைசூரில், 1965-இல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது. மத்திய அரசு நிறுவனமான அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் மேம்பாட்டு நிறுவனத்திலும் விசாரிக்கலாம்.

பிளஸ் டூவில் அறிவியல் படித்தவர்களுக்குச் செவித்திறன், மொழி, பேச்சு தொடர்பான ஓராண்டு டிப்ளமோவும் உண்டு. கலைப்பிரிவில் பட்டம் முடித்தவர்களுக்கு இன்றைக்குத் திறந்திருக்கும் வழி, செவித்திறன் குறைபாட்டுக்கான சிறப்பு பி.எட். இரண்டு ஆண்டு. இதற்கும் மறுவாழ்வுக் குழுமத்தின் அங்கீகாரம் உண்டு. இது சிகிச்சையாளர் ஆக்காது, ஆனால் அந்தக் குழந்தைகளோடு முறையாகப் பணியாற்ற வைக்கும். வெளிநாட்டு முதுநிலையை நினைப்பவர்கள், மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையைப் பாருங்கள். வயது 35-க்குள், மதிப்பெண் 60 விழுக்காடு, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். போகும் முன்பே, அந்தப் பட்டம் இங்கே பதிவுக்கு ஏற்கப்படுமா என்று மறுவாழ்வுக் குழுமத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அரசிடம் நாம் கேட்பவை மூன்று. தமிழ், மொழியியல் பட்டதாரிகளுக்கு இந்தத் துறையில் நுழைய ஒரு பாலப் படிப்பை மறுவாழ்வுக் குழுமம் உருவாக்க வேண்டும். சிகிச்சையாளர் பற்றாக்குறை உள்ள இத்தகைய துறைகளுக்கு மாறும் பட்டியல் சாதி மாணவர்களுக்கு, இரண்டாம் பட்டத்துக்கான உதவித்தொகைத் தடையை நீக்க வேண்டும். 'நான் முதல்வன்' வழிகாட்டலில், ஒன்பதாம் வகுப்பிலேயே, குரூப் தேர்வுக்கு முன்னரே இந்தப் படிப்பின் பெயர் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் காதில் விழ வேண்டும்.

ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தப்படுகிறது. லட்சக்கணக்கில் செலவழித்து அரசு ஒரு குழந்தைக்குக் கேட்கும் திறனைத் தருகிறது. அதன் பிறகு அந்தக் குழந்தை முதலில் கற்க வேண்டியது அம்மாவின் சொற்களை. அந்தச் சொற்களைத் தெரிந்தவர்கள் நம் தெருக்களில் பட்டத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.