மருத்துவக் குழாய்களை மென்மையாக்கும் தாவர எண்ணெய்கள்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

சலைன் ஏற்றும் குழாய், இரத்தப் பை, ஆக்சிஜன் குழாய், மூக்கு வழியாக உணவூட்டும் ரைல்ஸ் குழாய் ஆகியவற்றுள் பெரும்பாலானவை பிவிசி எனப்படும் பாலிவினைல் குளோரைடால் ஆனவை. பிவிசி இயல்பில் விறைப்பானது. வீட்டுச் சுவரில் தண்ணீர்க் குழாயாகப் பதிக்கப்படுவதும் இதே பொருள்தான். இதனை விரல் இடையில் வளையும் அளவுக்கு நெகிழச் செய்வதற்காகச் சேர்க்கப்படும் எண்ணெய் போன்ற திரவமே மென்மையூட்டி. மருத்துவக் கருவியின் எடையில் 20 முதல் 40 விழுக்காடு வரை இத்திரவமே இருக்கக்கூடும். நீண்ட காலமாக இதற்குப் பயன்பட்டு வருவது பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் டிஇஎச்பி என்னும் தாலேட் வகை வேதிப்பொருள். அதற்கு மாற்றாக ஆமணக்கு, சோயா ஆகியவற்றின் எண்ணெயிலிருந்து செய்த மென்மையூட்டிகள் இப்போது பேசப்படுகின்றன.

டிஇஎச்பி குறித்த கவலைக்குக் காரணம் யாது?

மென்மையூட்டி பிவிசியோடு வேதிப்பிணைப்பால் கட்டுண்டிருப்பதில்லை. அதன் நீண்ட மூலக்கூறு இழைகளுக்கு நடுவே தங்கியிருக்கிறது, அவ்வளவே. ஆகவே அது மெல்ல வெளியேறக்கூடும். வெறும் சலைன் அதனை மிகக் குறைவாகவே இழுக்கும். இரத்தம், கொழுப்புச் சத்துத் திரவம், பால் கலந்த உணவு போன்ற கொழுப்புள்ளவை அதிகமாக இழுக்கும். சில மருந்துகளைக் கரைக்கப் பயன்படும் சேர்மானங்களும் அவ்வாறே செய்யும். புற்றுநோய் மருந்தான பாக்லிடாக்சலை டிஇஎச்பி கலந்த பையிலோ குழாயிலோ ஏற்றலாகாது என்று அறிவுறுத்தப்படுவது இதனால்தான்.

விலங்கு ஆய்வுகளில் டிஇஎச்பி ஆண் குட்டிகளின் விரை வளர்ச்சியைப் பாதித்தது. மனிதரில் கிடைத்துள்ள சான்று அத்துணை உறுதியானதன்று. எனினும், குறைந்த எடையில் பிறந்து, ஒரே சமயத்தில் பல குழாய்களோடு வாரக்கணக்கில் தீவிர சிகிச்சையில் இருக்கும் குழந்தையின் உடலுக்குள் செல்லும் அளவு, அதன் எடையோடு ஒப்பிட மிகுதி. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2002-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிவிப்பில், பச்சிளம் ஆண் குழந்தைகள், ஆண் கருவைச் சுமக்கும் தாய்மார்கள், பருவமடையும் வயதுச் சிறுவர்கள் ஆகியோருக்கு, இயலுமிடத்து மாற்றுக் கருவிகளைக் கருதுமாறு கூறியது. அதே அறிவிப்பு, டிஇஎச்பியின் காரணமாகத் தேவையான சிகிச்சையைத் தவிர்க்கலாகாது என்றும் கூறியது. இவ்விரண்டாவது பகுதி இணையச் செய்திகளில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. டயாலிசிஸையோ இரத்தம் ஏற்றுவதையோ குழாயின் பொருட்டு மறுப்பது உயிருக்கே ஆபத்தாகும்.

எண்ணெய் எவ்வாறு மென்மையூட்டி ஆகிறது?

சமையல் எண்ணெயை அப்படியே பிவிசியில் கலந்தால் அது ஒட்டாது. வியர்த்தாற்போல் மேற்பரப்பில் கசிந்துவிடும். எண்ணெயின் மூலக்கூற்றை மாற்றியமைத்தால்தான் பிவிசி இழைகளுக்கிடையே அது தங்கும். சோயா எண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் உள்ள இடங்களில் ஆக்சிஜனைச் சேர்த்து எபாக்சி வளையங்களாக மாற்றுவர். இவ்வளையங்கள் எண்ணெயைப் பிவிசியோடு பொருந்தச் செய்வதுடன், வெப்பத்தால் பிவிசி சிதையும்போது வெளிவரும் அமிலத்தையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஆகவே இது முதன்மை மென்மையூட்டியாக அல்லாமல், நிலைநிறுத்தும் துணைப் பொருளாகவே மிகுதியும் சேர்க்கப்படுகிறது.

ஆமணக்கெண்ணெயின் கதை சற்று வேறு. அதனை ஹைட்ரஜனேற்றிக் கெட்டியாக்கி, மோனோகிளிசரைடாகப் பிரித்து, அசிட்டிக் அமிலத்தொகுதியை இணைத்தால் முதன்மை மென்மையூட்டியாகவே அமையும் பொருள் கிடைக்கிறது. டென்மார்க்கின் டானிஸ்கோ நிறுவனம் இதனை வணிக அளவில் கொண்டுவந்தது. மருத்துவக் கருவிகளில் டிஇஎச்பிக்கு மாற்றாகக்கூடியவற்றை ஆராய்ந்த ஐரோப்பிய ஒன்றிய அறிவியல் குழு 2008-ஆம் ஆண்டு பரிசீலித்த பொருள்களுள் இதுவும் ஒன்று. உலகிலேயே ஆமணக்கை மிகுதியாக விளைவிப்பது இந்தியா. நம் சேலம், நாமக்கல் பகுதிகளின் மானாவாரி நிலங்களிலும் அது விளைகிறது. ஆமணக்கு விதையிலுள்ள ரிசின் என்னும் நச்சு புரத வகையைச் சார்ந்தது. எண்ணெயில் கரையாமல் பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். இவ்வச்சத்தால் குழாயை மறுக்க வேண்டியதில்லை.

‘தாவரத்திலிருந்து வந்தது’ என்பது மட்டும் பாதுகாப்புக்குச் சான்றாகுமா?

ஆகாது. எபாக்சியேற்றிய சோயா எண்ணெய் கண்ணாடிக் குப்பி மூடிகளின் உட்பூச்சிலும் இருக்கிறது. அங்கிருந்து எண்ணெய்ப்பசையுள்ள உணவுக்குள் அது இறங்குவது கண்டறியப்பட்ட பின், ஐரோப்பிய ஒன்றியம் குழந்தை உணவுக்கு ஒரு கிலோவுக்கு 30 மில்லிகிராம் எனத் தனி வரம்பு விதித்தது. இது டிஇஎச்பி போன்ற கேடு உடையதென்பது பொருளன்று. எந்த மென்மையூட்டியும் எவ்வளவு வெளியேறுகிறது, உடலில் என்ன ஆகிறது என்று தனித்தனியே சோதிக்கப்பட வேண்டும் என்பதே பொருள்.

இரத்தப் பை இதற்கு மற்றோர் எடுத்துக்காட்டு. பையிலிருந்து கசியும் டிஇஎச்பி சிவப்பணுக்களின் சவ்வில் படிந்து அவை உடைவதைக் குறைக்கிறது. சிவப்பணுக்களைத் தகுந்த கரைசலில் 42 நாள் வரை சேமிக்க முடிவதில் அதற்கும் பங்குண்டு. மாற்றுப் பொருள் மென்மை தந்தால் மட்டும் போதாது; இப்பணியையும் ஈடுசெய்ய வேண்டும். இரத்தப் பைகளில் மாற்றம் மெதுவாக நிகழ்வதற்கு இது முக்கியக் காரணம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

தாவர எண்ணெய் பிளாஸ்டிக்கை மென்மையாக்கும் என்று படித்துவிட்டு, விறைத்த குழாயின் மீது தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ தடவுவோர் உள்ளனர். அருள்கூர்ந்து இதனைச் செய்யாதீர்கள். வெளியே தடவிய எண்ணெய் பிவிசிக்குள் புகுந்து தங்காது. மாறாக உள்ளேயிருக்கும் மென்மையூட்டியை வெளியே இழுக்கும். ஆக்சிஜன் குழாயிலும் முகமூடியிலும் எண்ணெய்ப்பசை படிவது தீ விபத்துக்கு வழிவகுக்கும். மூக்கோரம் வறண்டு புண்ணானால் நீர் அடிப்படையிலான களிம்பைச் செவிலியரிடம் கேட்டுப் பெறுங்கள்.

பக்கவாதத்துக்குப் பின் வீட்டில் ரைல்ஸ் குழாயோடு இருப்பவருக்கு, குழாய் நாளடைவில் கெட்டிப்படுவதைப் பலர் கவனித்திருப்பீர்கள். வயிற்றுக்குள் இருக்கும் பகுதியிலிருந்து மென்மையூட்டி கரைந்து போவதே அதன் காரணம். விறைத்த குழாய் உணவுக்குழலையும் வயிற்றுச் சுவரையும் உராயும். ஆகவே உறையில் குறித்த காலம் கடந்த பிவிசி குழாயைத் தொடர்ந்து வைத்திருக்கலாகாது. பல வாரங்கள் தேவைப்படும் எனத் தெரிந்தால், பாலியூரித்தேன் அல்லது சிலிக்கோன் குழாய் பொருத்த இயலுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களே கழற்றி மாற்ற வேண்டாம்.

கருவியின் உறையில் பி, எச், டி என்னும் மூன்று ஆங்கில எழுத்துகள் கொண்ட குறியீடு இருந்தால் அதில் தாலேட் உண்டு. அதே குறியீடு குறுக்குக்கோட்டால் அடிக்கப்பட்டிருந்தால் இல்லை. குழந்தை தீவிர சிகிச்சையில் இருப்பின், கொழுப்புச் சத்துத் திரவம் எவ்வகைக் குழாயில் ஏற்றப்படுகிறது என்று கேட்பது பெற்றோரின் உரிமை. சலைன் பாட்டில்கள் பெரும்பாலும் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீனால் ஆனவை. அவற்றுக்கு மென்மையூட்டியே தேவையில்லை. ஆகவே குழாயைப் பற்றிக் கேட்டால் போதும்.

தாவர எண்ணெய் சேர்த்த பிவிசியும் பிவிசியே. மண்ணில் மட்காது, எரித்தால் நச்சுப்புகை வரும். பயன்படுத்திய குழாய்களைக் கொல்லையில் கொளுத்தாமல், தனியே உறையிலிட்டு, சிகிச்சை அளிக்கும் மருத்துவமனையில் ஒப்படைக்க இயலுமா என்று கேளுங்கள். அங்கே அவை சிவப்பு நிறப் பையில் சேரும்.