வாகனத்தைப் பின்னால் இழுக்கும் காற்று

ஓடும் வாகனத்தின் எஞ்சின் இரண்டு தடைகளோடு மல்லுக்கட்டுகிறது. ஒன்று, டயர் வீதியில் உருளும்போது எழுவது; வேகம் கூடினாலும் இது பெரிதாக மாறாது. மற்றது காற்று. வேகம் இரட்டித்தால் காற்றுத்தடை நான்கு மடங்காகும். சாதாரணச் சிறிய கார் ஒன்றில் மணிக்கு 60 கிலோமீற்றர் அளவில் இரண்டும் ஏறக்குறையச் சமமாகின்றன. 100இல் காற்றுத்தடை மற்றதைப்போல் மூன்று மடங்கை நெருங்குகிறது. தகடும் பிளாஸ்டிக்கும் பொருத்தி எண்ணெய்ச் செலவைக் குறைக்க நினைப்பவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது இந்த 60ஐத்தான்.

எண்ணெயின் அருமையை இலங்கையில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 2022 ஜூன் மாதக் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்கு ஏறியது. அடுத்த மாதம் அறிமுகமான கியூஆர் அட்டையில் காருக்கு வாரம் 20 லீற்றர், ஆட்டோவுக்கு 5, மோட்டார் சைக்கிளுக்கு 4 என்று அளந்து கொடுத்தார்கள். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியாருக்கு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இருக்கும் வண்டியிலேயே மிச்சம் பிடிப்பதைத் தவிர அந்த ஆண்டுகளில் வேறு வழி இருக்கவில்லை.

காற்றுத்தடை என்றதும் பலரும் வண்டியின் மூக்கைத்தான் கூராக்கப் பார்க்கிறார்கள். ஆனால் பெரும் சேதம் நடப்பது பின்புறத்தில். காற்று கூரையையும் பக்கங்களையும் ஒட்டி வந்து, வால் சட்டென்று வெட்டப்பட்ட இடத்தில் ஒட்ட முடியாமல் பிரிகிறது. அங்கே அழுத்தம் குறைந்து சுழல்கள் உருவாகின்றன. அந்தக் குறைந்த அழுத்தம் வண்டியைப் பின்னோக்கி இழுக்கிறது. வான், பஸ் போன்ற பெட்டி வடிவ வாகனங்களில் முன் மூலைகளிலும் காற்று இப்படியே பிரிந்துவிடுகிறது.

1970களில் கலிபோர்னியாவில் இருந்த நாசாவின் டிரைடன் ஆய்வு மையத்தில் எட்வின் சால்ட்ஸ்மன் என்ற பொறியியலாளர் சைக்கிளில் வேலைக்குப் போய்வந்தார். பெரிய லொறிகள் கடக்கும்போது காற்று முதலில் அவரை வெளியே தள்ளியது, பிறகு லொறியின் பக்கமாக உள்ளே இழுத்தது. மட்டக்களப்பு வீதியில் சைக்கிள் ஓட்டிய எவருக்கும் தெரிந்த அனுபவம்தான் இது. அவரும் கூட்டாளிகளும் பழைய போர்ட் வான் ஒன்றைச் சுற்றி அலுமினியத் தகடு அடித்து, கூரிய மூலைகள் கொண்ட வெறும் பெட்டியாக்கினார்கள். பிறகு மூலைகளை ஒவ்வொன்றாக வளைத்து, ஒவ்வொரு முறையும் வண்டியைத் தானாக உருளவிட்டு அளந்தார்கள். நிலைக்குத்து மூலைகளை வளைத்ததில் தடை 40 சதவீதம் குறைந்தது. கிடை மூலைகளையும் வளைத்ததும் குறைவு 54 சதவீதமானது. இழந்த உள்ளிடம் வெறும் 3 சதவீதம். வீட்டுக் கைவேலைக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

அமெரிக்காவில் ஒருவர் 1992ஆம் ஆண்டு மாதிரி ஹோண்டா சிவிக் ஒன்றுக்குப் படகுபோல் ஒடுங்கும் நீண்ட வால், சக்கர மூடிகள், அடித்தட்டு ஆகியவற்றைத் தன் கையாலேயே செய்து பொருத்தினார். மணிக்கு 105 கிலோமீற்றர் வேகத்தில் லீற்றருக்குச் சுமார் 40 கிலோமீற்றர் ஓடியது என்பது அவர் சொன்ன கணக்கு. ஆனால் அது அகன்ற நெடுஞ்சாலையில் நிற்காமல் ஓடிய கார்.

நம் கிழக்குக் கரையில் அப்படியில்லை. பாண்டிருப்பிலிருந்து தெற்கே ஏ4 வீதி கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊருக்குள்ளேயே போகிறது. குடியிருப்புப் பகுதியில் சட்டப்படி வேக எல்லை 50. கடைத்தெருவில் அதுவும் கிடைக்காது. இந்த ஓட்டத்துக்கு வால் பொருத்துவது வீண் செலவு. டயரில் சரியான காற்று, தேவையற்ற சுமையை இறக்குவது, பிரேக்கைக் குறைவாக மிதிப்பது ஆகியவையே இங்கே பலன் தரும்.

கொழும்புக்கு ஓடும் வான்களின் கதை வேறு. அவற்றில் முதலில் செய்ய வேண்டியது பொருத்துவதல்ல, கழற்றுவது. அமெரிக்க அரசின் எரிபொருள் தரவுகளின்படி, கூரைப் பெட்டி ஒன்று சிக்கனத்தை நகரத்தில் 2 முதல் 8 சதவீதமும் நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதமும் குறைக்கிறது. வெறும் கேரியர்கூடக் காற்றைக் கலக்கும். அடுத்தது பின் சக்கரத்துக்குத் தட்டையான மூடி, பம்பரின் கீழே காற்றைத் திருப்பும் ரப்பர் பட்டி. பெட்டி உயர்ந்த லொறிக்கு, கெபினின் மேல் சாய்வாக ஒரு தகடு நன்கு உதவும்.

காற்று வீசும் நாளில் கணக்கு மாறும். காரைதீவிலிருந்து சம்மாந்துறை வழியாக அம்பாறைக்குப் போகும் வீதி வயல்வெளியில் மேற்கு நோக்கியது. மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று நேர் எதிரே அடிக்கும். 50இல் போகும் வண்டிக்கு எதிரே 20 வேகத்தில் காற்று வீசினால், 70இல் படும் காற்றுத்தடை வந்துவிடும், அதாவது ஏறக்குறைய இரட்டிப்பு. அப்போது வேகத்தைக் கொஞ்சம் தணிப்பதே நல்லது.

பொருத்தியது பலன் தருகிறதா என்று அறிய, வண்டியின் பின்புறம் முழுக்க நூல்துண்டுகளை ஒட்டிவிட்டு, இன்னொரு வண்டியிலிருந்து பார்க்கலாம். மருதமுனைத் தறிகளில் மிஞ்சும் நூலே போதும். நூல் படிந்து பின்னோக்கிக் கிடந்தால் காற்று ஒட்டி ஓடுகிறது. துடித்துச் சுழன்றால் பிரிந்துவிட்டது. பிறகு ஆளில்லாத சமதரையில், வேகம் 70இலிருந்து 40க்கு இறங்க எத்தனை விநாடி என்று நியூட்ரலில் உருளவிட்டு அளக்க வேண்டும். வீசும் காற்றின் பங்கைக் கழிக்க இரண்டு திசையிலும் ஓட்ட வேண்டும். தகட்டைக் கழற்றிவிட்டும் ஒருமுறை அளந்தால்தான் வித்தியாசம் நம்பத்தக்கது.

செய்யக்கூடாதவையும் உண்டு. ரேடியேட்டரின் முன்வலையை அட்டையால் அடைப்பது குளிர்நாட்டு வழக்கம். இந்தக் கரையோர வெயிலில் எஞ்சின் கொதித்துவிடும். முன்சக்கரத்தை மூடினால் பிரேக் ஆறாது, திருப்பும்போது சக்கரம் உரசும். சரியாக இறுக்காத தகடு பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரரின் கழுத்தில் போய் விழலாம். அனுமதியற்ற மேலதிகப் பொருத்துதல்களை அகற்ற 2025 ஜனவரியில் பொலிஸார் பஸ்களையும் ஆட்டோக்களையும் சோதித்தார்கள். ஆகவே வண்டியின் நீள அகலத்தை மாற்றும் எதையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்த பிறகே பொருத்த வேண்டும்.