திருமலையில் கைப்பேசி இல்லாத சில மணி நேரம்

சித்தூர் வழியாகவோ சென்னையிலிருந்தோ நம்மில் பலர் ஆண்டுதோறும் திருப்பதி செல்கிறோம். பணம், சீட்டு, உறவினர் எண் ஆகிய அனைத்தும் இன்று கைப்பேசியிலேயே உள்ளன. ஆனால், திருமலைக் கோயிலுக்குள் கைப்பேசிக்கு அனுமதி இல்லை. தரிசனத்திற்கு முன் அதை ஒப்படைத்துவிட வேண்டும். அந்த நேரத்திற்கும் சேர்த்தே நாம் திட்டமிடுவது நன்று.

புறப்படும் முன்: 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசனச் சீட்டைத் தேவஸ்தானத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் மட்டுமே பதிவு செய்வோம். அதே தோற்றத்தில் போலித் தளங்களும் உண்டு. முகவரியைச் சரிபார்த்த பின்னரே பணம் செலுத்துவோம். சீட்டை அச்சிட்டு, அசல் ஆதார் அட்டையுடன் எடுத்துச் செல்வோம்.

மலையேறும்போது: அலிபிரி நடைபாதையில் 3,550 படிகள் உள்ளன. பைகளை அடிவாரத்தில் ஒப்படைத்தால் கட்டணமின்றி மேலே சேர்ப்பிக்கிறார்கள். ரசீதைப் பத்திரப்படுத்துவோம்.

வரிசையில்: காணிக்கைக்கும் சில்லறைச் செலவுக்கும் சிறிது ரொக்கம் போதும். நெரிசலில் முதியோரும் குழந்தைகளும் பிரிந்துவிடக்கூடும். குடும்பத்தினரின் எண்ணையும் தங்குமிடத்தையும் தாளில் எழுதி அவர்களிடம் கொடுப்போம். ஏடிஎம் ரகசிய எண்ணை அதில் எழுதலாகாது. வெளியே சந்திக்கும் இடத்தையும் முன்னரே முடிவு செய்வோம்.

முடி காணிக்கையும் அன்னப்பிரசாதமும் இலவசம். அவற்றுக்கு எவர் பணம் கேட்டாலும் தர வேண்டியதில்லை.

திரும்பும்போது: திருச்சானூரில் பத்மாவதி தாயாரையும், சித்தூரை அடுத்த காணிப்பாக்கத்தில் விநாயகரையும் வணங்கி வரலாம். முன்னேற்பாடு இருந்தால் மனம் முழுவதும் தரிசனத்திலேயே நிலைக்கும்.