பைப் போட்டு இழுத்தால் உடையும், தட்டித் தட்டி எடுத்தால் கழலும்: பழைய லாரி இன்ஜினில் இறுகிப்போன போல்ட்டை எடுப்பது எப்படி?

பழைய லாரி இன்ஜினைப் பிரிக்க உட்காரும் மெக்கானிக்குக் கழலாத போல்ட்டைவிட உடைந்த போல்ட்தான் பெரிய தலைவலி. கழலாத போல்ட் அரை நாளைத் தின்னும். உடைந்த போல்ட், ஹெட்டையே லேத் பட்டறைக்கு அனுப்பிவிடும். அதுவரை லாரி ஓடாது, தவணை மட்டும் நிற்காமல் ஓடும். ஒரே ஒரு லாரியை வைத்துத் தானே ஓட்டிப் பிழைப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

‘பிடிச்சுக்கிச்சு’, ‘ஜாம் ஆயிடுச்சு’ என்று பட்டறையில் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். உள்ளே நடப்பது என்ன?

ஏன் பிடித்துக்கொள்கிறது?

முதல் காரணம் துரு. இரும்பு துருவாக மாறும்போது அதன் கன அளவு இரண்டு மடங்குக்கும் மேல் பெருகும். மரைகளுக்கு நடுவே இருப்பதோ மிகச் சிறிய இடைவெளி. அதற்குள் துரு வளர்ந்தால், ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடும்.

இரண்டாவது, உலோகக் கூட்டணி. அலுமினிய தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் இரும்பு போல்ட் இருந்து, ஈரமும் சேர்ந்தால், அது ஒரு குட்டி பேட்டரி போல வேலை செய்யும். அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாகி, போல்ட்டைக் கவ்விக்கொள்ளும்.

மூன்றாவது, சூடு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு ஸ்டட்டுகள் தினமும் காய்ந்து ஆறிக் காய்ந்து ஆறி, துரு ஏறுவதோடு பலமும் இழந்திருக்கும்.

நீளமான பைப் ஏன் ஆபத்து?

ஒரு போல்ட்டை முறுக்கும்போது நாம் கொடுக்கும் விசையில் சுமார் 10 சதவீதம்தான் பிடிமானமாக மாறுகிறது. மீதியெல்லாம் போல்ட் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்விலேயே போய்விடும். துரு ஏறினால் இந்த உராய்வு இன்னும் எகிறும். அப்போது ஸ்பேனரில் பைப்பைச் செருகி இழுத்தால் மரை அசையாது. போல்ட்டின் உடம்புதான் முறுகும், தலை தனியாகக் கையோடு வந்துவிடும்.

இதற்கு ஒரு அறிகுறி உண்டு. இழுக்கும்போது திரும்புவது போலத் தெரிந்து, கையை விட்டதும் பழைய இடத்துக்கே வந்தால், போல்ட் கழலவில்லை, முறுகுகிறது. அங்கேயே நிறுத்த வேண்டும்.

அடி மேல் அடி

முதலில் கம்பி பிரஷ்ஷால் மரையைச் சுத்தம் செய்து, துரு இளக்கும் ஆயிலை விட வேண்டும். ஆயில் மரைக்குள் இறங்க நேரம் பிடிக்கும், ஓர் இரவு ஊறவிடுவது நல்லது. நடுநடுவே போல்ட் தலையில் சுத்தியலால் நேராகத் தட்ட வேண்டும். அந்த அதிர்வில் துரு விரிசல் விடும், ஆயில் இன்னும் உள்ளே போகும். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது இங்கே அப்படியே உண்மை.

அடுத்து, முதலில் ஒரு துளி இறுக்கிப் பார்த்துவிட்டுப் பிறகுதான் கழற்ற வேண்டும். அசைந்துவிட்டால் ஒரேயடியாகச் சுற்றக் கூடாது. அரைச் சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே, மறுபடி கொஞ்சம் ஆயில்.

அதற்கும் அசையாவிட்டால்?

சூடுதான் வழி. ஆனால் இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். சூடு காட்ட வேண்டியது நட்டுக்கு, போல்ட்டுக்கு அல்ல. 12 மி.மீ. நட்டு, போல்ட்டைவிட 200 டிகிரி கூடுதலாகச் சூடேறினால், அதன் துளை சுமார் 0.03 மி.மீ. விரியும். அந்தச் சிறிய விரிவே துருவின் பிடியை விடுவிக்கப் போதும். சூடான மரையில் மெழுகுவர்த்தியை வைத்தால், மெழுகு உருகி உள்ளே இறங்கி வழுக்கல் கொடுக்கும். சூடான வார்ப்பிரும்பு ஹெட்டில் மட்டும் தண்ணீர் ஊற்றக் கூடாது, விரிசல் விட்டுவிடும்.

உடைந்தேவிட்டால்?

துண்டு வெளியே தெரிந்தால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து திருகலாம். பிடியும் கிடைக்கும், சூடும் கிடைக்கும். உள்ளே புதைந்திருந்தால் சரியாக நடுவில் பஞ்ச் அடித்து, இடது பக்கம் சுற்றும் டிரில் பிட்டால் துளைக்க வேண்டும். பல நேரம் துளைக்கும்போதே துண்டு கழன்று வந்துவிடும். ‘ஈஸி அவுட்’ கருவியை அழுத்தித் திருகி உள்ளே உடைத்துக்கொண்டால் கதை கந்தல். அது கடினமான எஃகு என்பதால் சாதாரண டிரில் பிட் அதில் இறங்காது.

பிஸ்டனே பிடித்துக்கொண்டால்?

நெடுநாள் நின்ற இன்ஜினில் ஸ்டார்ட்டர் போட்டுப் பார்க்கவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். முதலில் இன்ஜெக்டர்களைக் கழற்ற வேண்டும். டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றிச் சில நாள் ஊறவிட்டு, பிறகு ஃபிளைவீலைக் கையால் முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்க வேண்டும்.

கவனம் தேவை

ஆயில் ஊறிய இடத்தில் நெருப்பு காட்டும் முன் நன்றாகத் துடைக்க வேண்டும், தீயணைப்பானும் பக்கத்தில் இருக்க வேண்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பட்ட இடத்தில் சூடு பட்டால் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உருவாகும். அது உயிரையே எடுக்கக்கூடியது. லாரியில் வெல்டிங் வைக்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.

திரும்ப மாட்டும்போது பழைய ஸ்டட்டை ஒதுக்கிவிட்டுப் புதிதைப் போட்டு, மரையில் ‘ஆன்டி சீஸ்’ பேஸ்ட் தடவலாம். ஆனால் பேஸ்ட் தடவிய போல்ட்டை வழக்கமான டார்க் அளவுக்கே முறுக்கினால் பிடிமானம் கூடிப்போய், போல்ட் இழுபட்டுவிடும். அதற்கான குறைந்த அளவைக் கையேட்டில் பார்த்து முறுக்கினால், அடுத்த முறை பிரிப்பவருக்கு அரை நாள் மிச்சம்.