சிறுதொழில்களில் கணினிப் பாதுகாப்பு (கும்மிடிப்பூண்டி - திருவள்ளூர் தொழிற்பகுதி)

சிறுதொழில்களில் கணினிப் பாதுகாப்பு என்பது, தனியான பாதுகாப்புப் பிரிவோ அதற்கென ஒதுக்கிய பணமோ இல்லாத சிறு, நடுத்தரத் தொழிற்சாலைகள் தம் கணினிகளையும் தரவுகளையும் இயந்திரக் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் இணையவழித் தாக்குதல்களிலிருந்து காத்துக்கொள்ளும் முறைகளைக் குறிக்கும். பெருநிறுவனங்களில் இப்பணிக்கெனத் தலைமை அலுவலர் ஒருவரும் அவருக்குக் கீழ் ஒரு குழுவும் இருப்பர். சிறு தொழிற்சாலையில் கணக்கரோ பராமரிப்புப் பொறியாளரோ, பல வேளைகளில் உரிமையாளரோ, தம் வேலையோடு இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டியுள்ளது. எனவே எதை முதலில் செய்வது, எதை இப்போதைக்கு விட்டுவைப்பது என்று முடிவு செய்வதே இங்குத் தலைமைப் பணியாகிறது. இக்கட்டுரை திருவள்ளூர் மாவட்டத் தொழிற்பகுதிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

தொழிற்பகுதி

கும்மிடிப்பூண்டி, சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 45 கி.மீ. தொலைவில், ஆந்திர எல்லையை ஒட்டி, சென்னை - கொல்கத்தா தேசிய நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது. 1971 இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மாநிலத் தொழில் மேம்பாட்டுக் கழகத்தின் (சிப்காட்) தொழில் வளாகம் இங்குள்ளது. இரும்பு உருக்காலைகளும் உருட்டாலைகளும் வேதிப்பொருள் ஆலைகளும் இப்பகுதியில் உள்ளன. அருகிலுள்ள தேர்வாய்கண்டிகை வளாகத்தில் மிச்செலின் டயர் தொழிற்சாலை இயங்குகிறது. காக்களூர், திருமழிசை ஆகிய இடங்களில் சிட்கோ தொழிற்பேட்டைகள் உள்ளன. அம்பத்தூர் தொழிற்பேட்டையும் முன்னர் இம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. 2018 இல் அது சென்னை மாவட்டத்துடன் இணைக்கப்பட்டது.

இத்தகைய ஆலையொன்றில் கணினி எங்கெங்கு உள்ளது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். வாயிலில் எடைமேடைக் கணினி, அலுவலகத்தில் டாலி கணக்கு மென்பொருள், விரல்ரேகை வருகைப் பதிவுக் கருவி, கண்காணிப்புக் கேமராக்களின் பதிவுப்பெட்டி, உருட்டு வரிசையை இயக்கும் பி.எல்.சி. கட்டுப்படுத்தி, அதை நிரலாக்கப் பயன்படும் பழைய மடிக்கணினி ஆகியவை பெரும்பாலும் ஒரே வலையமைப்பில் பிணைக்கப்பட்டிருக்கும். இவற்றுள் எளிமையாகத் தோன்றும் எடைமேடைக் கணினி நின்றால் ஆலையே நிற்கும். எடைச்சீட்டு இல்லாமல் விலைப்பட்டியல் இல்லை. 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை மாநில எல்லை கடந்து அனுப்ப 2018 ஏப்ரல் முதல் மின்வழிச்சீட்டு வேண்டும். எல்லையிலிருந்து சில கி.மீ. தொலைவிலேயே இருக்கும் கும்மிடிப்பூண்டியில் இது அன்றாடத் தேவை. ஒரு நாள் கணினி முடங்கினால் வாயிலில் சரக்குந்துகள் வரிசையாக நிற்கும். ஒரு வாரம் முடங்கினால் ஏழாம் தேதிக்குள் தர வேண்டிய தொழிலாளர் சம்பளமும் தவறும்.

நடந்த தாக்குதல்கள்

2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னகிரை என்னும் பணயத் தீநிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் கணினிகளின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. சென்னைக்கு அருகில் ஒரகடத்திலுள்ள, அப்போதைய ரெனோ - நிசான் கூட்டுத் தொழிற்சாலையும் பாதிக்கப்பட்டதாகச் செய்திகள் வெளியாயின. இதில் கவனிக்க வேண்டியது, அத்தீநிரல் பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் இற்றையை மைக்ரோசாப்ட் நிறுவனம் இரு மாதங்களுக்கு முன்பே, மார்ச் 14 அன்று, இலவசமாக வெளியிட்டிருந்தது என்பதாகும். இற்றையை நிறுவியிருந்த கணினிகளில் அவ்வோட்டை வழியே அது நுழைய முடியவில்லை.

2019 இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் டிட்ராக் என்னும் தீநிரல் கண்டறியப்பட்டது. இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழு (செர்ட்-இன்) செப்டம்பர் 4 அன்று இதைத் தெரிவித்தது. இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30 அன்று இதை ஒப்புக்கொண்டது. தொற்றிய கணினி இணையத்தோடு இணைந்தது என்றும், உலைக் கட்டுப்பாட்டு வலையமைப்பு அதிலிருந்து பிரித்து வைக்கப்பட்டது என்றும் கழகம் கூறியது. அலுவலகத்தையும் இயந்திரங்களையும் பிரித்து வைப்பதன் பயனை இந்நிகழ்வு காட்டுகிறது. உருட்டாலைக்கும் அதே பாடந்தான்; அளவு மட்டுமே வேறு.

2021 செப்டம்பரில் தமிழ்நாடு அரசின் பொதுத்துறையின் கோப்புகள் பூட்டப்பட்டு, மின்னாணயமாக 1,950 டாலர் கேட்கப்பட்டது. ஓர் அரசுத் துறைக்கு இது மிகச் சிறிய தொகை. இத்தகைய தாக்குநர் எல்லோரும் பெரிய இரையைத் தேடுவதில்லை. திறந்திருக்கும் கதவையே தேடுகின்றனர். "நம்மிடம் என்ன இருக்கிறது, நம்மை யார் தாக்கப்போகிறார்கள்" என்னும் சிறுதொழில் முனைவோரின் கேள்விக்கு இதுவே விடை.

ஒரு சிறு ஆலையின் முடக்கம் அதன் மதிலோடு நிற்பதில்லை. சப்பானில் கோசிமா என்னும் உதிரிப்பாக நிறுவனம் தாக்கப்பட்டதால், 2022 மார்ச் 1 அன்று டொயோட்டா அந்நாட்டிலுள்ள தன் 14 ஆலைகளிலும் 28 உற்பத்தி வரிசைகளை நிறுத்தியது. வாகன உதிரிப்பாகம் செய்யும் திருவள்ளூர்ப் பட்டறைகளுக்கு இது தொலைதூரச் செய்தி அன்று.

முன்னுரிமைகள்

முதல் வேலை ஒரு பட்டியல் எழுதுவது. ஆலையில் உள்ள கணினிகள், கட்டுப்படுத்திகள், இணைய இணைப்புகள், அவற்றின் கடவுச்சொல் யாரிடம் உள்ளது என்பவற்றைக் குறித்தால் இரண்டு தாள்களில் அடங்கும். இயந்திரம் விற்ற நிறுவனம் தொலைவிலிருந்து பழுதுபார்க்க நிறுவிய மென்பொருள், பழுது முடிந்து பல ஆண்டுகள் ஆன பின்னும் திறந்தே கிடப்பது இப்பட்டியல் எழுதும்போதுதான் தெரிய வரும். வேலையை விட்டுச் சென்றவரின் மின்னஞ்சல் கணக்கும் அவ்வாறே.

இரண்டாவது காப்பு நகல். ஆலைக்குச் செலவழிக்க ஒரே ஒரு தொகைதான் உள்ளது என்றால் அதை இதற்கே செலவிட வேண்டும். கணக்குத் தரவு, வரைபடங்கள், சம்பளப் பதிவு ஆகியவற்றோடு பி.எல்.சி. நிரலையும் நகலெடுக்க வேண்டும். இந்நிரலைப் பலர் மறந்துவிடுகின்றனர். அதை எழுதியவர் பல ஆண்டுகளுக்கு முன் வந்துபோன ஒப்பந்தக்காரராக இருப்பார். இரண்டு வெளி வன்தட்டுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி, ஒன்றை எப்போதும் கணினியிலிருந்து கழற்றி வேறிடத்தில் வைப்பது போதுமானது. கணினியோடு இணைந்தே இருக்கும் வன்தட்டைப் பணயத் தீநிரல் சேர்த்தே பூட்டிவிடும். நகலிலிருந்து தரவை மீட்டுப் பார்க்காத வரை, அதை நகல் என்று நம்ப இயலாது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை வேறொரு கணினியில் திறந்து பார்ப்பது நன்று.

மூன்றாவது இற்றை. விண்டோசு எக்சுபி (2014), விண்டோசு 7 (2020) ஆகியவற்றிற்கான ஆதரவு முன்பே முடிந்தது. விண்டோசு 10 க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. ஆயினும் இயந்திரத்தோடு வந்த பழைய மென்பொருள் புதிய இயக்குதளத்தில் ஓடாததால் ஆலைகள் பழைய கணினிகளை விட முடிவதில்லை. இதற்காக உரிமையாளரைக் குறைகூறுவதில் பயனில்லை. அத்தகைய கணினியை இணையத்திலிருந்தும் அலுவலக வலையமைப்பிலிருந்தும் துண்டித்து, விரலியைச் செருகும் துளைகளையும் அடைத்து வைப்பதே நடைமுறைத் தீர்வு. அலுவலகக் கணினிகளில் கட்டற்ற மென்பொருளான லினக்சையும் லிப்ரே ஆபீசையும் பயன்படுத்துவது, திருட்டு மென்பொருளின் வழியே வரும் நச்சுநிரல்களைச் செலவின்றித் தவிர்க்கும் வழியாகும்.

விலையுயர்ந்த கண்காணிப்புக் கருவிகளை இப்போதைக்கு விட்டுவைக்கலாம். அவை எழுப்பும் எச்சரிக்கையை இரவு இரண்டு மணிக்குப் பார்க்க ஆள் இல்லாத ஆலையில் அவற்றால் ஆவது சிறிதே. ஒரே தொழிற்பேட்டையிலுள்ள சில ஆலைகள் சேர்ந்து ஒரு வல்லுநரை மாதத்திற்குச் சில நாட்கள் அமர்த்திக்கொள்வது இதைவிடச் சிக்கனமானது.

கணினி இல்லாமல் ஒரு நாளை ஓட்டும் ஏற்பாடும் பாதுகாப்பின் பகுதியே. அச்சிட்ட எடைச்சீட்டுப் புத்தகம், தாளில் எழுதிய தொலைபேசி எண்கள், கைப்பட எழுதும் வருகைப் பதிவேடு ஆகியன ஓர் அலமாரியில் இருக்க வேண்டும். மின்வழிச்சீட்டைச் செல்பேசிச் செயலி வழியாகவும் எடுக்கலாம். அதற்கான பதிவை முன்னரே செய்துகொள்ள வேண்டும். பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் பலர் இங்கு வேலை செய்வதால், அறிவிப்புகளைத் தமிழோடு இந்தி, ஒடியா மொழிகளிலும் எழுதி ஒட்டுவது பொருத்தம்.

கட்டணத் திருப்பு மோசடி

தீநிரலே இல்லாமல் நடக்கும் திருட்டு இது. பழைய இரும்பை வெளிநாட்டிலிருந்து வாங்கும் உருக்காலை, விற்பனையாளருடன் மின்னஞ்சலில் பேசுகிறது. இடையில் ஒருவரது அஞ்சல் பெட்டிக்குள் நுழைந்த திருடன், சில வாரங்கள் பேசாமல் படித்துவிட்டு, பணம் செலுத்தும் நாளுக்கு முன் "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று ஒரு மடல் அனுப்புகிறான். விலைப்பட்டியல் எண்ணும் கப்பலின் பெயரும் சரியாகவே இருக்கும். பணம் வேறு நாட்டுக் கணக்கிற்குச் சென்றபின் மீட்பது மிகக் கடினம். இதைத் தடுக்க ஒரு விதி போதும்: வங்கிக் கணக்கு மாற்றம் எதையும், முன்பே தெரிந்த எண்ணில் அழைத்துக் குரலில் உறுதிசெய்யாமல் ஏற்கக் கூடாது. அவசரம் என்று முதலாளியே சொன்னாலும் இவ்விதியைக் கணக்கர் மீறாதிருக்க, முதலாளியே அதை எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். மின்னஞ்சலுக்கு இருபடிச் சரிபார்ப்பு வைப்பது திருடனின் நுழைவைக் கடினமாக்கும்.

சட்டமும் உதவியும்

செர்ட்-இன் 2004 சனவரி முதல் செயல்படுகிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின்கீழ் அது 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணை, குறிப்பிட்ட வகைத் தாக்குதல்களை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும் என்றும், கணினிப் பதிவுகளை 180 நாட்கள் காக்க வேண்டும் என்றும் கூறுகிறது. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு 2022 செப்டம்பர் 25 வரை அவகாசம் தரப்பட்டது. கணினிகளின் கடிகாரங்களை அரசு நேர வழங்கிகளோடு ஒத்திசைக்கவும் ஆணை கோருகிறது. கேமராவும் வருகைக் கருவியும் வெவ்வேறு நேரம் காட்டும் ஆலையில், எது முன் நடந்தது என்று பின்னர் அறிய முடியாது.

2017 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட சைபர் சுவச்சதா கேந்திரா, நச்சுநிரல்களை நீக்கும் கருவிகளை இலவசமாக வழங்குகிறது. பணம் பறிபோனால் 1930 என்னும் எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து மறு கணக்கிற்கு நகர்வதற்குள் அதை முடக்க முயல்வர். தமிழ்நாடு அரசு 2020 இல் தன் இணையப் பாதுகாப்புக் கொள்கையை வெளியிட்டது. அது முதன்மையாக அரசுத் துறைகளுக்கானது.

தொழிலாளரின் ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண் முதலியன கணினியில் இருப்பதால் 2023 ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஆலைகளைத் தொடுகிறது. தகுந்த காப்பு இல்லாமல் தரவு கசிந்தால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன; அவை படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.